சர்ச்சைக்குள்ளான தொழில்நுட்ப அதிபரின் விக்கிப்பீடியாக் கட்டுரை: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

மின்கார் விற்பவர், சமூக ஊடகத்தை வாங்கியவர், ரத்தப் பரிசோதனைக் கருவி என்று சொல்லி முதலீட்டாளர்களை ஏமாற்றியவர் என்று இப்படிப்பட்டவர்களின் கட்டுரையில் கை வைத்தால் ஏதாவது ஒரு கோளாறு வந்தே தீரும். தஞ்சை, கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் கல்லூரிகளில் விக்கிப் பயிற்சி நடக்கும்போது மாணவர்கள் முதலில் தேடிப் போவதும் இவர்களைத்தான். திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் இங்கே அறிகுறி வாரியாக இருக்கின்றன. உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். எதிலும் ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனை முதலில், நாள்கணக்கில் இழுப்பது கடைசியில்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவான ஒன்று உண்டு. இந்தக் கட்டுரைகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, வாக்கியம் தன் சான்றைவிடப் பெரிதாக இருப்பதால் வருபவை. சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுக்கு வாக்கியத்தைக் குறைத்தால் பாதிச் சண்டை தானாக நின்றுவிடும்.

## சேமித்த மாற்றம் காணாமல் போய்விட்டது

கட்டுரையின் மேலே ‘வரலாறு’ தாவலைத் திறங்கள்.

### வரலாற்றில் உங்கள் மாற்றமே இல்லை

அப்படியானால் அது சேமிக்கப்படவே இல்லை. புதிய கணக்கிலிருந்து வெளி இணைப்பு சேர்த்தால், படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லி ஒரு கட்டம் வரும். கைப்பேசித் திரையில் அது கண்ணில் படாமல் போய்விடும். சேமித்தாயிற்று என்று நினைத்து மூடிவிடுவார்கள். இல்லையென்றால் விக்கியின் தானியங்கி வடிகட்டி எச்சரித்திருக்கும்: ஒரே மூச்சில் பெரிய பகுதியை நீக்குவது, வசைச்சொல் இரண்டும் அதில் மாட்டும். ஆங்கில விக்கியைத் திறந்து மாற்றிவிட்டுத் தமிழ் விக்கியில் தேடுகிறவர்களும் உண்டு. முகவரிப் பட்டையில் மொழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவுக்கென்று இன்னொரு காரணம் உண்டு: பாதியில் கரண்ட் போய்விடும். ஒரு மணி நேரம் தட்டச்சு செய்து ஒரே தடவையில் சேமிக்காதீர்கள். பத்திக்கு ஒரு சேமிப்பு, ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருக்கம் (என்ன மாற்றினீர்கள் என்று சொல்லும் ஒரு வரி). இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு பத்தி தவறு என்று யாராவது மீளமைத்தால் (பழையபடி மாற்றினால்) மற்ற நான்கும் பிழைத்துக்கொள்ளும். மொத்தமாகச் சேமித்தால் மொத்தமாகப் போகும்.

### வரலாற்றில் இருக்கிறது, அடுத்த வரியில் யாரோ மீளமைத்திருக்கிறார்கள்

மீளமைத்தவரின் தொகுப்புச் சுருக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும். அது காலியாக இருந்தால் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

முதலில் உங்கள் சுருக்கம். கணக்கில் நுழையாமல், சுருக்கமும் எழுதாமல், கோடீஸ்வரர் ஒருவரின் கட்டுரையில் எண்ணை மாற்றினால் விஷமம் என்றே எடுத்துக்கொள்வார்கள். “அபராதத் தொகை திருத்தம், சான்று இணைத்துள்ளேன்” என்ற ஒரு வரி போதும்.

அடுத்தது சான்று. உயிரோடிருப்பவரைப் பற்றிய சர்ச்சைக்குரிய வரிக்குச் சான்று இல்லையென்றால் அதை உடனே நீக்கலாம், நீக்க வேண்டும். ‘மேற்கோள் தேவை’ என்று ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. 2005-ல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி சகோதரர்களின் கொலைகளோடு முடிச்சுப் போட்ட பொய் வரி ஒன்று நான்கு மாதம்போல ஆங்கில விக்கியில் கிடந்தது. அவர் அதை வெளிப்படையாக எழுதிய பிறகுதான் வாழும் மனிதர்களுக்கான தனிக் கொள்கை உருவானது.

சான்று இருந்தும் நீக்கினார்கள் என்றால் அதன் தரத்தைப் பாருங்கள். யூடியூப் சேனல், ரசிகர் பக்கம், செய்திக்குறிப்பை அப்படியே வெளியிடும் பிசினஸ் வயர் போன்ற சேவை எதுவும் நிற்காது. ஃபோர்ப்ஸ் தளத்தில் அதன் செய்தியாளர் எழுதியது ஒன்று, வெளிப் பங்களிப்பாளர் எழுதியது வேறு. பின்னதை ஆங்கில விக்கி ஏற்பதில்லை. டெய்லி மெயிலை 2017-லேயே ஒதுக்கிவிட்டார்கள். நம்மூர் நாளிதழ்களின் இணையப் பக்கத்தில் விளம்பரதாரர் கொடுத்த கட்டுரையும் செய்தி மாதிரியே வரும். அடியில் சிறிய எழுத்தில் பொறுப்புத் துறப்பு இருக்கிறதா என்று கடைசி வரி வரை இறங்கிப் பாருங்கள். அச்சு இதழை மேற்கோள் காட்டினால் நாளும் பக்கமும் மட்டும் போதாது, திருச்சிப் பதிப்பா சென்னைப் பதிப்பா என்பதையும் எழுதுங்கள். மாவட்டச் செய்திப் பக்கங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். சென்னைப் பதிப்பைப் புரட்டிப் பார்த்தவர் “அப்படி ஒரு செய்தியே இல்லை” என்று நீக்கிவிடுவார்.

தரமும் சரியென்றால் சான்றைத் திறந்து, உங்கள் வாக்கியத்துக்கு ஆதாரமான வரியை விரல் வைத்துக் காட்ட முடிகிறதா பாருங்கள். தலைப்புச் செய்தி ஆதாரமாகாது. தலைப்பு போடுபவர் வேறு, செய்தி எழுதுபவர் வேறு.

இதற்கும் மேலே போனால், அந்த விஷயம் கட்டுரையோடு சேர்ந்த உரையாடல் பக்கத்தில் ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டிருக்கலாம். ஆங்கில விக்கியில் எலான் மஸ்க் கட்டுரையின் உரையாடலுக்கு எத்தனையோ காப்பகத் தொகுதிகள் இருக்கின்றன. முதல் வரியில் அவரை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதைக்கூட நாள்கணக்கில் விவாதித்திருக்கிறார்கள். காப்பகத் தேடலில் உங்கள் சொல்லைப் போட்டுப் பாருங்கள்.

என்ன ஆனாலும் நீங்களும் பதிலுக்கு மீளமைக்காதீர்கள். ஆங்கில விக்கியில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரும். நீங்கள் சொல்வது சரியாக இருந்தாலும் வரும். முதல் மீளமைப்போடு உரையாடல் பக்கத்துக்குப் போய் இப்படி எழுதலாம்: “வணக்கம் ஐயா. வழக்குப் பத்தியில் நான் சேர்த்த இரண்டாவது வரியை நீக்கியிருக்கிறீர்கள். சான்றின் நான்காம் பத்தியில் அது உள்ளது. சான்றில் குறையா, நடையில் குறையா என்று சொன்னால் திருத்திவிடுகிறேன்.” எதிராளியின் நோக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஆலமரத்தடியில் (தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கம்) மூன்றாமவரின் கருத்தைக் கேளுங்கள்.

## ‘தொகு’ பொத்தான் இல்லை, அல்லது தடை என்று வருகிறது

பூட்டுப் படம் தெரிந்தால் கட்டுரை காக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில விக்கியில் பாதிக் காப்பு என்றால் கணக்குக்கு 4 நாள் வயதும் 10 தொகுப்புகளும் வேண்டும். அதற்கடுத்த காப்பு என்றால் 30 நாளும் 500 தொகுப்புகளும். அதற்காக எங்காவது காற்புள்ளியைச் சேர்ப்பதும் நீக்குவதுமாக 500-ஐ எட்டினால் கண்டுபிடித்து உரிமையைப் பிடுங்கிவிடுவார்கள். உரையாடல் பக்கத்தில் தொகுத்தல் கோரிக்கை வைப்பதே குறுக்கு வழி. எந்த வரி, எந்த வரியாக மாற வேண்டும், சான்று எது என்று மூன்றையும் எழுதுங்கள். “இன்னும் நடுநிலையாக எழுதுங்கள்” என்று மட்டும் கேட்டால் மறுத்துவிடுவார்கள்; எதை மாற்றுவதென்று கோரிக்கையைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

தடை என்று வந்து, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றால், முதலில் விபிஎன்-ஐ நிறுத்துங்கள். அடுத்து மொபைல் டேட்டாவிலிருந்து வைஃபைக்கு மாறுங்கள். கைப்பேசி நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியை ஏராளமான பேருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. எங்கோ ஒருவர் செய்த விஷமத்துக்கு உங்களுக்கும் கதவு மூடும். கணக்கில் நுழைந்தாலே சில தடைகள் விலகிவிடும். அப்படியும் நிற்கிறதென்றால் தடைச் செய்தியில் உள்ள எண்ணோடு உங்கள் பேச்சுப் பக்கத்தில் தடைநீக்கக் கோரிக்கை வையுங்கள். இன்னொரு கணக்கு மட்டும் தொடங்காதீர்கள். கைப்பாவை (ஒருவரே வேறு ஆள் போல நடத்தும் கணக்கு) என்று முத்திரை விழுந்தால் பழைய கணக்கும் சேர்ந்து போகும்.

பயிலரங்கு நடத்துகிறவர்களுக்கு: ஒரு ஐபி முகவரியிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும். கல்லூரிக் கணினி அறையில் நாற்பது பேரை உட்காரவைத்தால் ஏழாவது ஆளோடு நின்றுவிடும். முந்தின வாரமே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கி வரச் சொல்லுங்கள். அல்லது விக்கி நிருவாகி ஒருவரை அறைக்கு அழைத்து அவர் கணக்கு வழியாகத் தொடங்குங்கள். அந்த நாற்பது பேரையும் ஒரே அதிபரின் கட்டுரையில் விடாதீர்கள். ஒரே முகவரியிலிருந்து ஒரே கருத்து வரிசையாக வந்தால் கூட்டுச் சதி மாதிரி தெரியும். முதல் பயிற்சிக்கு அவரவர் ஊர்க் குளமும் பள்ளியும் போதும்.

## வழக்குப் பத்தி நிற்கவே மாட்டேன் என்கிறது

அதிகக் கோளாறு வருவதும், அதிகம் பேரைக் காயப்படுத்துவதும் இந்தப் பத்திதான். நிதானமாகப் பாருங்கள்.

### வழக்கு எந்தப் படியில் நிற்கிறது?

புகார், விசாரணை, கைது, குற்றச்சாட்டுப் பதிவு, தீர்ப்பு, தண்டனை, மேல்முறையீடு. ஒவ்வொன்றும் தனிப் படி. கட்டுரையில் இருக்கும் வினைச்சொல் எந்தப் படியைச் சொல்கிறது, சான்று எந்தப் படியைச் சொல்கிறது என்று ஒப்பிடுங்கள்.

டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்ட் 24-ல் பாரிஸ் அருகே லெ பூர்ஷே விமான நிலையத்தில் கைதானார். 28-ஆம் தேதி பிரெஞ்சு நீதிபதிகள் அவர் மீது முறையான விசாரணையைத் தொடங்கி, 50 லட்சம் யூரோ பிணையில் விட்டார்கள். அந்த நாட்டு முறைப்படி அது வழக்கு விசாரணைக்கு முந்தைய கட்டம். “குற்றவாளி” என்றோ “தண்டிக்கப்பட்டார்” என்றோ எழுதினால் இரண்டு படி தாண்டிவிட்டீர்கள்.

ரத்தப் பரிசோதனை நிறுவனமான தெரனோஸின் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் விஷயம் இதற்கு நேரெதிர். அங்கே தீர்ப்பே நான்கு வரிக்கு விரியும். தெரனோஸ் வழக்கில் நடுவர் குழு முன் 11 குற்றச்சாட்டுகள் வந்தன. 2022 ஜனவரி 3-ல் முதலீட்டாளர்கள் தொடர்பான நான்கில் குற்றவாளி என்றார்கள். நோயாளிகள் தொடர்பான நான்கில் விடுவித்தார்கள். மூன்றில் முடிவுக்கு வர முடியவில்லை. அதே ஆண்டு நவம்பர் 18-ல் 11 ஆண்டு 3 மாதச் சிறை. 2025 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. “நோயாளிகளை ஏமாற்றியதற்காகச் சிறை சென்றார்” என்று எழுதுவது தவறு. அந்தக் குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுதலையானவர். எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த வரி நிற்கக் கூடாது.

நம் நாட்டில் சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் ராமலிங்க ராஜு. 2009 ஜனவரி 7-ல் கணக்கில் மோசடி செய்ததாக அவரே கடிதம் எழுதினார். 2015 ஏப்ரல் 9-ல் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் ஏழாண்டுச் சிறை விதித்தது. மே மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுப் பிணையில் வந்தார். ஏப்ரலில் எழுதிவிட்டு மேயில் திரும்பிப் பார்க்காத கட்டுரை, அவர் இன்னும் சிறையில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும். வழக்கு வரி சேர்த்தவர் அந்தக் கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும்; மேல்முறையீடு முடியும்வரை அந்த வரி உங்கள் பொறுப்பு.

பொதுமன்னிப்பு வந்தாலும் பழைய வரியை அழிக்காதீர்கள். மின்சார லாரி நிறுவனமான நிகோலாவின் நிறுவனர் டிரெவர் மில்டனை 2022 அக்டோபரில் நடுவர் குழு குற்றவாளி என்றது. 2023 டிசம்பரில் நான்காண்டுச் சிறை. 2025 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மன்னிப்பு. மூன்றும் நடந்தவை. மூன்றும் தேதியோடு இருக்கட்டும்.

### குடிமை வழக்கா, குற்றவியல் வழக்கா?

இதைக் கலந்துவிடுவதுதான் மொழிபெயர்ப்பில் அடிக்கடி நடக்கும் விபத்து. 2018 ஆகஸ்ட் 7-ல் டெஸ்லாவைப் பங்கு 420 டாலருக்குத் தனியார்மயமாக்க யோசிப்பதாகவும் பணம் உறுதியாகிவிட்டதாகவும் மஸ்க் ட்வீட் போட்டார். எஸ்இசி எனப்படும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் செப்டம்பர் 27-ல் வழக்குத் தொடர்ந்தது. 29-ஆம் தேதி உடன்பாடு அறிவிக்கப்பட்டது. கட்டுரைகளில் இது இப்படி வந்துவிடும்:

“2018-ல் பங்குச்சந்தை மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 40 மில்லியன் டாலர் அபராதம் கட்டினார்.”

இந்த ஒரு வரியில் மூன்று பிழை. அது குடிமை வழக்கு. குற்றச்சாட்டை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்ற நிபந்தனையில் முடிந்தது. அவர் பங்கு 2 கோடி டாலர்தான், இன்னொரு 2 கோடி டெஸ்லா கட்டியது. சரியான வடிவம்:

“எஸ்இசி தொடர்ந்த குடிமை வழக்கை, குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் உடன்பாட்டில் முடித்துக்கொண்டார். அவரும் டெஸ்லாவும் தலா 2 கோடி டாலர் செலுத்தினர். அவர் நிர்வாகக் குழுத் தலைவர் பதவியை விட்டு விலகினார்; தலைமைச் செயல் அலுவலராக நீடித்தார்.”

இதே ட்வீட்டுக்காகப் பங்குதாரர்கள் தொடர்ந்த வழக்கில் 2023 பிப்ரவரியில் நடுவர் குழு அவர் பொறுப்பல்ல என்றது. முதலாவதை எழுதி இரண்டாவதை விட்டால் அவருக்கு எதிரான சாய்வு. இரண்டாவதை எழுதி முதலாவதை அழித்தால் அவர் பக்கச் சாய்வு. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து ஆளுக்கு ஒன்றை அழித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்த வாக்கியங்களாக ஒரே பத்தியில் வையுங்கள்.

### படி சரி, வகை சரி, இன்னும் நீக்குகிறார்கள்

சான்றாக நீதிமன்ற ஆவணத்தையே கொடுத்திருக்கிறீர்களா? வழக்கு மனு, சாட்சியப் பதிவு ஆகியவற்றை நேரடியாக வைத்து வாழும் நபரைப் பற்றி எழுதக் கூடாது. மனுவில் இருப்பது ஒரு தரப்பு மட்டுமே. அதைப் படித்து எழுதிய நம்பகமான செய்தி வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டதாக இருந்தால் நல்லது. அவர் மறுத்திருந்தால் மறுப்பையும் சேருங்கள்.

அடுத்தது அளவு. நாற்பது ஆண்டு வாழ்க்கைக்கு ஆறு பத்தி, ஒரு ட்வீட்டுக்கு ஒன்பது பத்தி என்று இருந்தால் எத்தனை சான்று போட்டாலும் யாராவது வெட்டத்தான் செய்வார்கள். ‘சர்ச்சைகள்’ என்று தனித் தலைப்பு போட்டுக் குவிப்பதைவிட, எது எந்த ஆண்டில் நடந்ததோ அந்த இடத்தில் சேர்ப்பது நிற்கும்.

## கட்டுரை விளம்பரம் மாதிரி இருக்கிறது

‘தொலைநோக்காளர்’, ‘புரட்சியாளர்’, ‘உலகை மாற்றியவர்’ போன்றவற்றை எடுத்துவிட்டு, என்ன செய்தார் என்பதை ஆண்டோடு எழுதுங்கள். பாராட்டு தேவையென்றால் பாராட்டியவர் பெயரோடு வரட்டும்.

‘நிறுவனர்’ என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். டெஸ்லாவை 2003 ஜூலையில் தொடங்கியவர்கள் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும். மஸ்க் 2004 பிப்ரவரியில் முதலீட்டாளராகவும் தலைவராகவும் வந்தார். 2009-ல் ஒரு வழக்கு உடன்பாட்டில் முடிந்தபோது அவரையும் சேர்த்து ஐந்து பேர் இணை நிறுவனர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றானது. ‘டெஸ்லாவைத் தொடங்கினார்’ என்றால் எபர்ஹார்டின் ஆதரவாளர் அழிப்பார். ‘நிறுவனர் அல்ல’ என்றால் மஸ்க் ஆதரவாளர் அழிப்பார். மேலே சொன்ன மூன்று தேதிகளையும் எழுதினால் யாரும் கை வைக்க இடமிருக்காது.

பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் என்று சந்தேகம் வந்தால், அவர் பேச்சுப் பக்கத்தில் நேராகவும் மரியாதையாகவும் கேளுங்கள். 2014 ஜூன் முதல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிப்படி, கூலிக்குத் தொகுப்பவர் யார் கொடுக்கிறார்கள், யாருக்காக என்று அறிவித்தாக வேண்டும். அவர் உண்மைப் பெயரையோ வேலை பார்க்கும் இடத்தையோ தேடிப்பிடித்துப் பொதுவில் போடுவது உங்களுக்கே தடை வாங்கித் தரும். நீங்களே திருச்சியிலோ தஞ்சையிலோ ஒரு விளம்பர முகமையில் வேலை பார்த்து, வாடிக்கையாளருக்காகத் தொகுக்கிறீர்கள் என்றால், பயனர் பக்கத்தில் அறிவித்துவிட்டு, கட்டுரையைத் தொடாமல் உரையாடல் பக்கத்தில் கோரிக்கை வையுங்கள்.

## பிறந்த ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது, சாதி முளைக்கிறது

நம் வட்டாரத்தில் வேரிருக்கிற அதிபர் என்றால் இது கட்டாயம் வரும்.

மாவட்டம் மாறுவதற்குப் பெரும்பாலும் யாரும் பொய் சொல்வது காரணமில்லை. 1991-க்கு முன் மயிலாடுதுறையில் பிறந்தவருக்கு மாவட்டம் தஞ்சாவூர். 1991-லிருந்து நாகப்பட்டினம். மயிலாடுதுறை மாவட்டம் 2020 டிசம்பரில்தான் வந்தது. 1982 வரை ஊர்ப் பெயரே மாயூரம். திருவாரூர் தனி மாவட்டமானது 1997-ல். ஆகவே 1982-க்கு முன் அங்கே பிறந்தவருக்கு ‘மாயூரம், தஞ்சாவூர் மாவட்டம் (தற்போது மயிலாடுதுறை மாவட்டம்)’ என்று எழுதிவிட்டு, உரையாடல் பக்கத்தில் காரணத்தையும் போட்டுவையுங்கள். அடுத்து வருபவர் ‘திருத்துவது’ குறையும்.

பூர்வீகத்தைப் பிறந்த ஊராக எழுதுவது அடுத்த காரணம். தாத்தா ஊர் கும்பகோணம் பக்கம், குலதெய்வம் அங்கே, வருடம் ஒருமுறை வருவார் என்பதெல்லாம் பிறந்த இடத்துக்குச் சான்றில்லை. கிராமக் கட்டுரையின் ‘குறிப்பிடத்தக்கவர்கள்’ பட்டியலில் அவர் பெயரைச் சேர்ப்பதற்கும் நம்பகமான சான்று வேண்டும். ஊர்ப் பெருமை புரிகிறது. ஆனால் சான்று இல்லாத பெருமை மறுநாளே அழிந்துபோகும்.

சாதி: அவரே தன் வாயால் சொல்லிப் பதிவாகியிருந்தால் ஒழிய எழுதக் கூடாது. பெயரை வைத்தோ தெருவை வைத்தோ ஊகிப்பதும் கூடாது. கண்டால் உடனே நீக்குங்கள். சிறு பிள்ளைகளின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றுக்கும் கட்டுரையில் இடமில்லை.

## எண்ணும் தேதியும் தப்பாக இருக்கின்றன

மொழிபெயர்த்த கட்டுரை என்றால் முதலில் இதைச் சோதியுங்கள். 1 மில்லியன் 10 லட்சம். 1 பில்லியன் 100 கோடி. 1 டிரில்லியன் 1 லட்சம் கோடி. மஸ்க் 2022 அக்டோபர் 27-ல் ட்விட்டரை வாங்கி முடித்த விலை 44 பில்லியன் டாலர், அதாவது 4,400 கோடி டாலர். 44 கோடி என்றோ, டாலர் என்ற சொல் விழுந்து 4,400 கோடி ரூபாய் என்றோ வந்திருக்கும். ரூபாய்க்கு நீங்களே மாற்றாதீர்கள்; நாணய மதிப்பு நாளுக்கு நாள் மாறும். சொத்து மதிப்புக்கு எந்த மாத நிலவரம் என்பது இல்லையென்றால் அந்த வரியை வைத்திருப்பதில் பயனில்லை.

அமெரிக்கச் செய்தியில் 8/7/2018 என்றிருந்தால் ஆகஸ்ட் 7. நம் வழக்கப்படி படித்தால் ஜூலை 8 ஆகிவிடும். மேற்கோள் வார்ப்புருவில் ‘தேதியைச் சரிபார்க்க’ என்று சிவப்பில் வந்தால் 2018-09-29 என்ற வடிவில் கொடுங்கள், போய்விடும்.

ஆங்கிலத்திலிருந்து பத்தியை எடுத்து வந்தபின் மேற்கோள் இடத்தில் சிவப்புப் பிழை வந்தால், பெயரிட்ட மேற்கோளின் பெயர் மட்டும் வந்து உள்ளடக்கம் அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள். ஆங்கிலக் கட்டுரையின் மூலத்தில் அந்தப் பெயரைத் தேடி முழு மேற்கோளையும் ஒரு தடவை ஒட்டுங்கள். மொழிபெயர்ப்பு என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் மூலக் கட்டுரையின் இணைப்போடு சொல்லுங்கள். உரிமம் அதைக் கேட்கிறது. இணைப்பு செத்திருந்தால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழைய படி கிடைக்கிறதா பாருங்கள்.

## மூலத்தில் இல்லாத வரி தகவற்பெட்டியில் தெரிகிறது

கட்டுரையின் மூலம் (தொகுக்கத் திறந்தால் தெரியும் எழுத்து) முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லையென்றால் அது விக்கித்தரவிலிருந்து, அதாவது எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான தரவுத் தளத்திலிருந்து வருகிறது. கடைமடையில் கலங்கல் வந்தால் தலைமதகைப் பார்க்க வேண்டியதுதான். பக்கப்பட்டியில் உள்ள விக்கித்தரவு உருப்படியைத் திறந்து, அந்தக் கூற்றைச் சான்றோடு திருத்துங்கள். அங்கே மாற்றினால் வேறு மொழிப் பக்கங்களிலும் மாறும் என்பதால் கூடுதல் நிதானம் வேண்டும். பிறகு தமிழ்க் கட்டுரையைத் தொகுக்கத் திறந்து ஒன்றும் மாற்றாமல் சேமித்தால் பக்கம் புதுப்பிக்கப்படும். கூகுள் தேடலின் பக்கப்பெட்டி மட்டும் பழையதையே காட்டினால் அது கூகுளின் வேலை. பெட்டிக்கு அடியில் கருத்துத் தெரிவிக்கும் இணைப்பு இருக்கிறது.

படம் அழிந்துவிட்டது என்றால், செய்தித் தளத்திலிருந்து எடுத்திருப்பீர்கள். பொதுவகத்தில் (விக்கிமீடியாவின் கட்டற்ற படக் களஞ்சியம்) ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துங்கள், அல்லது நீங்களே எடுத்ததை ஏற்றுங்கள்.

## எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவது

ஒரே பத்திக்காக மூன்றாவது நாளும் சண்டை என்றால், நிருவாகியிடம் காப்புக் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த வடிவத்தில் பூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், பூட்டுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

முகவரி, தொலைபேசி எண், மருத்துவ விவரம் கட்டுரையில் ஏறியிருந்தால் நீக்கிவிட்டு, சுருக்கத்தில் ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதுங்கள். ஆலமரத்தடியில் போட்டால் நீங்களே விளம்பரப்படுத்தியதாகிவிடும். வரலாற்றிலிருந்தும் மறைக்க வேண்டும் என்பதால் நிருவாகிக்கோ மேல்விக்கியின் (எல்லா விக்கிகளுக்கும் பொதுவான ஒருங்கிணைப்புத் தளம்) பொறுப்பாளர்களுக்கோ மின்னஞ்சலில் சொல்லுங்கள்.

கட்டுரைக்குரியவரோ அவர் குடும்பமோ அலுவலகமோ தொடர்புகொண்டால், அவர்களோடு நீங்கள் பேரம் பேச வேண்டாம். அதற்கென்று இருக்கும் விக்கிமீடியாவின் மின்னஞ்சல் தன்னார்வலர் குழுவுக்கு அனுப்புங்கள்.

வழக்கறிஞர் நோட்டீஸ் வந்துவிட்டதென்றால் அந்தக் கட்டுரையில் ஒரு எழுத்தையும் தொடாதீர்கள், நீக்கவும் வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். பதிலுக்கு “நானும் வழக்குப் போடுவேன்” என்று விக்கியில் எழுதினால் அதற்கே தடை விழும். இது வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது. 2024 ஜூலையில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய கட்டுரைக்காக டெல்லி உயர் நீதிமன்றத்தில் விக்கிமீடியா அறக்கட்டளை மீது 2 கோடி ரூபாய் கேட்டு அவதூறு வழக்குத் தொடர்ந்தது. ஆகஸ்டில் தொகுத்த மூவரின் விவரத்தைத் தருமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கைப் பற்றிய கட்டுரையையே நீக்கச் சொன்ன அக்டோபர் உத்தரவை 2025 மே 9-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் உண்டு. பொதுநலனுக்காகச் சொல்லப்பட்ட உண்மை அதற்கு விதிவிலக்கு.

நோட்டீஸ் வந்த உறையைத் தேதி முத்திரையோடு வைத்திருங்கள். நீங்கள் செய்த தொகுப்புகளின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் கொடுத்த சான்றின் நகலையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளையின் சட்டப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கும் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.